கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியில் வேலை செய்தவர்கள் இப்போதே எதை எழுதி வைக்க வேண்டும்?

மஞ்சூர் பிட்டர் (கேள்வி கேட்டவர்)

எல்லோருக்கும் வணக்கம். 2004 முதல் 2021 வரை நீலகிரியில் குந்தாப் பக்கம் ஒரு தேயிலை ஆலையில் பிட்டராக (மெஷின், குழாய் பொருத்திப் பழுது பார்ப்பவராக) இருந்தேன். ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். இப்போது சொந்தமாகக் குழாய் வேலை, மோட்டார் வேலை பார்க்கிறேன். வயது 43. இன்றைக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

என்னோடு கூரை வேலை செய்த அண்ணன் ஒருவர் போன மாதம் இருமலுக்காக ஆஸ்பத்திரிக்குப் போனார். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "நுரையீரல் உறையில் தடிப்பு இருக்கிறது. கல்நார் ஷீட் வேலை செய்தீர்களா? எங்கே, எத்தனை வருஷம், என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறார். அவருக்கு எதுவும் சரியாகச் சொல்ல வரவில்லை. "நிறைய இடத்துல பண்ணேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். சீட்டில் 'கூலி வேலை' என்று மட்டும் எழுதியிருக்கிறது.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு உறுத்தல். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அந்தக் காற்றில் எங்கள் ஆலைக் கூரையும் போனது. மூன்று வாரம் உடைந்த ஷீட்டை இறக்கி, புது ஷீட்டைக் கட்டிங் மெஷினில் அறுத்து ஏற்றினோம். மூக்கில் கைக்குட்டை, அவ்வளவுதான். அதற்கு முன்னாலும் வருஷா வருஷம் தேயிலையைக் காயவைக்கிற ட்ரையர் ஹீட்டர் கதவின் வெள்ளைக் கயிற்றைப் பிய்த்து மாற்றியது நான்தான். அது மாவு மாதிரி உதிரும்.

நாளைக்கே வழக்குப் போடப் போவதில்லை. பின்னால் ஏதாவது வந்தால் காட்டுவதற்கு இப்போதே எதைச் சேர்த்து வைக்கலாம் என்றுதான் கேட்கிறேன்.

ஹட்டிப் பையன்

அண்ணா, இதற்கெல்லாம் பயந்தால் இந்த மலையில் இருக்க முடியாது. எங்கள் ஹட்டியில் (படுகர் ஊர்) மாட்டுக்கொட்டகை, உருளைக்கிழங்குக் கிடங்கு எல்லாமே அந்த ஷீட்தான். தாத்தா அதற்குக் கீழேதான் 88 வயது வரை இருந்தார்.

குன்னூர் நர்ஸம்மா

தம்பி, தாத்தா ஷீட்டுக்குக் கீழே படுத்திருந்தார். இவர் ஷீட்டை அறுத்திருக்கிறார். ரெண்டும் ஒன்றில்லை. சிமென்டோடு இறுகிக் கிடக்கிற கல்நார் சும்மா இருக்கும்போது அவ்வளவாக எழும்பாது. அறுக்கும்போது, துளை போடும்போது, உடைக்கும்போது, காய்ந்த பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியாத இழை காற்றில் கலக்கும். அதைவிட மோசம் அந்தக் கயிறும் குழாய்மேல் சுற்றுகிற உறையும். அவற்றில் இழையைப் பிடித்து வைக்க சிமென்ட் கிடையாது.

பிட்டர் தம்பிக்கு: பயப்பட வேண்டாம், ஆனால் நீங்கள் கேட்டது சரியான கேள்வி. கல்நார் நோய்கள் உடனே வருவதில்லை. நுரையீரல் தழும்பாகிற அஸ்பெஸ்டோசிஸ் பெரும்பாலும் பத்து இருபது வருஷம் கழித்துத்தான் தெரியும், அதுவும் நீண்ட நாள் நிறையத் தூசி குடித்தவர்களுக்கு. மீசோதீலியோமா என்கிற புற்றுநோய்க்கு இருபதிலிருந்து ஐம்பது வருஷம் வரைகூட ஆகும். அதற்குள் ஆலை கைமாறியிருக்கும், மேனேஜர் செத்திருப்பார், உங்களுக்கே வருஷம் மறந்திருக்கும். உங்கள் அண்ணனுக்கு நடந்தது அதுதான்.

அவருக்கு இருக்கிற உறைத் தடிப்பு பல பேருக்குக் கடைசிவரை தொந்தரவே தராது. இருந்தாலும் அந்தத் தூசி உள்ளே போயிருக்கலாம் என்பதற்கு அது ஒரு அடையாளம். அந்த எக்ஸ்ரேயைத் தொலைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்களுக்கு இப்போது வேண்டியது மூன்றே விஷயம். முதலில் நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று, ஊதிப் பார்க்கிற சோதனை (ஸ்பைரோமெட்ரி) ஒன்று. இன்றைக்கு நன்றாக இருக்கிறது என்பதற்கும் ஆதாரம் வேண்டும், பிற்பாடு ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் உதவும். வருஷா வருஷம் சி.டி. ஸ்கேன் எடுக்கிறேன் என்று கிளம்ப வேண்டாம், அது டாக்டர் சொன்னால் மட்டும். இரண்டாவது, ஓ.பி. சீட்டில் "2004 முதல் 2021 வரை தேயிலை ஆலை பிட்டர், கல்நார் ஷீட் அறுத்தல், ஹீட்டர் கயிறு மாற்றுதல்" என்று டாக்டரிடம் கேட்டு எழுத வையுங்கள். கேட்டால் எழுதுவார்கள், கேட்காவிட்டால் யாரும் எழுத மாட்டார்கள். மூன்றாவது பீடி. இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். கல்நாரும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து இரண்டையும் கூட்டினால் வருவதைவிட அதிகம். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்லிப் பயனில்லை.

இன்னொன்று. வேலைத் துணியை வீட்டில் யார் துவைத்தது?

மஞ்சூர் பிட்டர்

வீட்டுக்காரிதான் அக்கா. உதறிவிட்டு ஊறப்போடுவாள். பீடியை 2015-லேயே விட்டுவிட்டேன்.

குன்னூர் நர்ஸம்மா

அப்படியென்றால் அவர் பெயரும் உங்கள் குறிப்பில் வரட்டும். துணியில் வந்த தூசியால் வீட்டுப் பெண்களுக்கு நோய் வந்தது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. பீடியை விட்ட வருஷத்தையும் எழுதுங்கள்.

பழைய யூனியன்காரர்

நர்ஸம்மா உடம்பைப் பற்றிச் சொன்னார், நான் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். முப்பது வருஷம் தோட்டத் தொழிற்சங்கத்தில் இருந்தவன், கொஞ்சம் நீளமாகத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் கல்நார் ஆலைகள் பற்றி ஒரு தீர்ப்புச் சொன்னது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டு, அல்லது வேலையை விட்டதிலிருந்து 15 ஆண்டு, இதில் எது பிந்தியதோ அதுவரை நிர்வாகம் பாதுகாக்க வேண்டும் என்பது அதில் ஒரு கட்டளை. நாற்பது ஆண்டு என்று ஏன் வைத்தார்கள் என்பது நர்ஸம்மா சொன்ன கணக்கைப் பார்த்தால் புரியும். ஆனால் அது கல்நார்ப் பொருள் செய்யும் தொழிலுக்கு வந்த தீர்ப்பு. தேயிலை ஆலையில் யார் உங்களுக்கு அப்படி ஒரு பதிவேடு வைத்திருக்கப் போகிறார்கள்? 2004-ல் சேர்ந்த தம்பி 2044 வரை தன் பதிவேட்டைத் தானேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது சட்டம். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-ன் மூன்றாம் அட்டவணையில் தொழில்சார் நோய்கள் இருக்கின்றன. அஸ்பெஸ்டோசிஸ் அதில் உண்டு. கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் உண்டு. கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அட்டவணையில் சொன்ன வேலையில் இருக்கும்போதே நோய் வந்தால், அது வேலையால் வந்தது என்று சட்டமே எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்டுவது முதலாளி பாடு. வேலையை விட்ட பிறகு வந்தால் இந்த வேலையால்தான் வந்தது என்று நாம் காட்ட வேண்டும். கல்நார் நோயோ பெரும்பாலும் வேலையை விட்ட பிறகுதான் வரும். ஆக, சுமை முழுக்க நம் தலையில். நீங்கள் இப்போது எழுதி வைக்கிற நோட்டு அந்த இடத்தில்தான் கைகொடுக்கும்.

கோரிக்கை வைக்க இரண்டு வருஷக் கெடு உண்டு. அது தூசி குடித்த நாளிலிருந்து ஓடாது, நோயால் வேலைக்குப் போக முடியாமல் விடாமல் படுத்த முதல் நாளிலிருந்துதான் கணக்கு. தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தையும் மன்னிக்கலாம். "பதினைந்து வருஷம் ஆகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஹட்டிப் பையன்

ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) இருக்கிறதே, அதில் பார்க்கக் கூடாதா ஐயா?

பழைய யூனியன்காரர்

ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர்கள் அங்கேதான் போக வேண்டும், அவர்களுக்கு 1923 சட்டம் கிடையாது. ஆனால் தேயிலைத் தயாரிப்பு ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் கண்ணில் பருவகாலத் தொழில். வருஷம் முழுக்கச் சக்கரம் சுற்றினாலும் அப்படித்தான்! அதனால் நம் ஆலைக்காரர்களில் பெரும்பாலோருக்கு ஈ.எஸ்.ஐ. இல்லை, 1923 சட்டம்தான் கதி. தம்பி, சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சட்டப் புழு

சின்னத் திருத்தம். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1923 சட்டமும் ஈ.எஸ்.ஐ. சட்டமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டன. தொழில்சார் நோய் அட்டவணை அதிலும் இருக்கிறது. மனு எழுதும்போது எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்பதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய யூனியன்காரர்

சரிதான். கிழவன் வாயில் பழைய பெயர்தான் வருகிறது.

மஞ்சூர் பிட்டர்

ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இல்லை ஐயா, பி.எஃப். மட்டும்தான். இன்னொரு சந்தேகம். வேலையை விட்டபோது "கணக்கு முழுதும் தீர்ந்தது, இனி எந்தப் பாத்தியமும் இல்லை" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அதோடு எல்லாம் போச்சா?

பழைய யூனியன்காரர்

சம்பள பாக்கி, போனஸ் விஷயத்தில் அந்தத் தாளை நீட்டுவார்கள். ஆனால் காயம், தொழில்நோய் இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக்கொடுத்தாலும் அது செல்லாது. பழைய 1923 சட்டத்தில் அது 17-ஆம் பிரிவு. நல்ல வேளை, அந்தத் தாளில் நீங்கள் வேலை செய்த காலம் எழுதியிருக்குமே? உங்களிடம் நகல் இருந்தால் அதுவே ஒரு ஆதாரம்.

கூடலூர் வெல்டர்

பி.எஃப். எண், சம்பளச் சீட்டு என்று எல்லாம் உள்ளவர்களுக்குச் சொல்கிறீர்கள். எங்களை மாதிரி கான்ட்ராக்டில் போனவன் என்ன செய்வது? பந்தலூர், சேரம்பாடி, தேவாலா என்று பத்து ஆலைக் கூரையில் ஏறியிருக்கிறேன். மேஸ்திரி சனிக்கிழமை கையில் பணம் கொடுப்பார். என் பெயர் எந்த ஆலை நோட்டிலும் இல்லை. கூரை மேலே நின்றதற்குச் சாட்சி குரங்குதான்.

பழைய யூனியன்காரர்

வெல்டர் தம்பி, கான்ட்ராக்ட் ஆள் என்றாலும் ஆலைக்காரர் தன் தொழிலுக்காகத் தன் இடத்தில் வேலை வாங்கியிருந்தால் அவருக்கும் பொறுப்பு உண்டு, அதே பழைய சட்டத்தில் 12-ஆம் பிரிவு. நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்று காட்டுவதுதான் சிரமம். கேட்டில் வாட்ச்மேன் நோட்டு இருக்கும். மேஸ்திரி கூலிக் கணக்கெழுதின சின்ன டைரி இருக்கும். அது யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள், அதையே படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜிபேயில் கூலி வந்திருந்தால் பேங்க் ஸ்டேட்மென்ட் போதும். கூட வேலை செய்த இரண்டு பேரிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி நோட்டரி கையெழுத்தோடு வையுங்கள். அவர்களுக்கும் நீங்கள் எழுதிக் கொடுங்கள், அப்போது மனத்தாங்கல் இருக்காது.

கூடலூர் வெல்டர்

மேஸ்திரி போன வருஷம் தவறிவிட்டார். அவர் மகளிடம் டைரி இருக்கும். கேட்டுப் பார்க்கிறேன் ஐயா.

லேப்காரன்

ஒரு எச்சரிக்கை. பிட்டர் அண்ணன் சொன்ன வெள்ளைக் கயிறு கல்நாராகவும் இருக்கலாம், கண்ணாடி இழையாகவோ செராமிக் இழையாகவோகூட இருக்கலாம். கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, நுண்ணோக்கியில்தான் தெரியும். அதனால் குறிப்பில் "கல்நார்க் கயிறு" என்று அடித்து எழுதாதீர்கள். "வெள்ளை நிறம், விரல் தடிமன், பிய்த்தால் மாவாக உதிரும், கோவையில் இன்ன கடையில் ஆஸ்பெஸ்டாஸ் ரோப் என்று கேட்டு வாங்கியது" என்று பார்த்ததை, கேட்டதை அப்படியே எழுதுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் குத்துவது மிகைப்படுத்திய இடத்தில்தான். கடை பில் ஒன்று கிடைத்தால் நூறு சாட்சிக்குச் சமம்.

ஷீட் விஷயம் சுலபம். முத்திரையில் கம்பெனிப் பெயரோடு ஐ.எஸ். 459 என்று அச்சாகியிருந்தால் அது கல்நார் சிமென்ட் நெளி ஷீட்டுக்கான இந்தியத் தர எண். கல்நார் இல்லாத ஷீட்டும் இப்போது வருகிறது, அதனால் முத்திரையை நெருக்கத்தில் ஒரு படம், கூரை முழுதும் தெரிகிற மாதிரி தள்ளி நின்று ஒரு படம்.

பழைய ஆலைக்குள் ராத்திரி புகுந்து துண்டு உடைத்து எடுத்து வருகிற வேலை வேண்டாம். அது அத்துமீறல், தூசியும் உங்கள் மூக்கில்தான். வீட்டிலேயே அந்தக் கயிற்றின் மிச்சம் கிடந்தால் தண்ணீர் தெளித்து நனைத்து, இரண்டு பிளாஸ்டிக் பையில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுக் கட்டி, தேதியும் இடமும் எழுதி, பிள்ளைகள் கை படாத இடத்தில் வையுங்கள். சோதனைக்கு அனுப்புவது பிறகு.

மஞ்சூர் பிட்டர்

வீட்டில் மிச்சம் இருக்கிறது தம்பி! விறகடுப்புக் கதவுக்குச் சுற்றலாம் என்று ஒரு முழம் கொண்டுவந்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

கோடைக்காரி

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். இங்கே பாதரச வெப்பமானி ஆலை 2001-ல் மூடியது எல்லோருக்கும் தெரியும். முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு உடன்பாடு வந்தது 2016 மார்ச்சில். நடுவில் பதினைந்து வருஷம். பாதரசம் சில மாதங்களில் பெரும்பகுதி உடம்பைவிட்டு வெளியேறிவிடும், அதனால் வேலையை விட்டுப் பல வருஷம் கழித்து சிறுநீரைச் சோதித்தால் எதுவும் காட்டாது. அன்றைக்கு எடுத்த அளவு யார் கையில் இருக்கிறதோ அவர்கள் சொல்வதுதான் கணக்கு. கல்நார் வேறு மாதிரி, இழை உள்ளேயே கிடக்கும். ஆனால் எந்த ஆலையின் இழை என்று அதில் எழுதியிருக்காதே.

இன்னொன்று, மலைக்காரர்களுக்கு மட்டும் புரிகிற விஷயம். ஜூலையில் பீரோவுக்குள் வைத்த காகிதம் என்ன ஆகும் என்று தெரியுமல்லவா? என் அப்பாவின் எக்ஸ்ரே ஃபிலிம் நாலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் படம் உரிந்து வந்தது. ஸ்கேன் பில், ஏ.டி.எம். சீட்டு மாதிரியான வழவழத் தாளில் எழுத்து இரண்டு வருஷத்தில் மறைந்துவிடும். வாங்கின அன்றே ஜெராக்ஸ் போடுங்கள், போனில் படம் எடுங்கள், சமவெளியில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். ஃபிலிம்களுக்கு நடுவில் வெள்ளைத் தாள் வைத்து, டப்பாவில் ஒரு துணி முடிச்சில் கரி போட்டு வைத்தால் பூஞ்சணம் கொஞ்சம் குறையும். எங்கள் பாட்டி பட்டுப்புடவைக்குச் செய்தது, எக்ஸ்ரேக்கும் வேலை செய்கிறது.

குன்னூர் நர்ஸம்மா

கோடைக்காரி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் நாள்பட்ட இருமல் என்றாலே முதலில் டி.பி. என்றுதான் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். சளிப் பரிசோதனையில் 'இல்லை' என்று வந்த சீட்டை யாரும் வைத்துக்கொள்வதில்லை, குப்பையில் போடுகிறார்கள். வையுங்கள். இருமலுக்கு டி.பி. காரணமில்லை என்று காட்ட அது உதவும்.

பெயர் வேண்டாம்

நான் இன்னும் அதே மாதிரி ஒரு ஆலையில் வேலையில் இருக்கிறேன். இதெல்லாம் எழுதி வைக்கிறேன் என்று ஆபீசில் தெரிந்தால் அடுத்த மாதம் சீட்டுக் கிழியும். நான் என்ன செய்வது?

பழைய யூனியன்காரர்

நோட்டு எழுதுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். தேதி போட்டு வீட்டில் எழுதுங்கள், அன்றன்றைக்கு எழுதியது பிற்பாடு மொத்தமாக எழுதியதைவிடக் கனமானது. முகக்கவசம் கேட்டு ஐந்தாறு பேராகச் சேர்ந்து ஒரு கடிதம் கொடுங்கள், இழப்பீடு என்ற வார்த்தையே அதில் வேண்டாம். "ஷீட் அறுக்கும்போது தூசி வருகிறது, தகுந்த முகக்கவசம் தரவும், தண்ணீர் ஊற்றி அறுக்கவும்" என்று இரண்டு வரி. நகலில் வாங்கிய முத்திரை வாங்குங்கள், போடமாட்டேன் என்றால் ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்புங்கள். தூசி இருந்தது நிர்வாகத்துக்குத் தெரியும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

வேலையை விட்டவர்களுக்கு இன்னொரு வழி, தகவல் உரிமை. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த ஆலையின் ஒப்புதல் வரைபடம், இன்ன வருஷத்து ஆய்வுக் குறிப்பு என்று குறிப்பாகக் கேளுங்கள். "எல்லா விவரமும் தரவும்" என்று கேட்டால் ஒன்றும் வராது. வரைபடத்தில் கூரை என்ன பொருள் என்று எழுதியிருக்க வாய்ப்பு உண்டு.

ஹட்டிப் பையன்

நான் முதலில் கிண்டலாகச் சொன்னதற்கு மன்னிக்கவும். போன வாரம் எங்கள் கிடங்குக் கூரையை நானே கட்டிங் மெஷினால் அறுத்தேன். இனி எப்படி அறுப்பது?

லேப்காரன்

மெஷின் வேண்டவே வேண்டாம். கை ரம்பத்தில், தண்ணீர் ஊற்றிக்கொண்டே, வெளியில் வைத்து. துணிக் கைக்குட்டை பயன்படாது, நுண்தூசியை வடிகட்டுகிற எஃப்.எஃப்.பி.3 தர முகக்கவசம் வேண்டும். முடிந்தால் அறுக்காமல், ஷீட்டைப் பிடித்திருக்கிற ஜே போல்ட்டைக் கழற்றி முழு ஷீட்டாக இறக்குங்கள். தூளைப் பெருக்காதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள்.

மஞ்சூர் பிட்டர்

பத்து நாளாகத் தேடியதில் கிடைத்ததைச் சொல்கிறேன். பி.எஃப். பாஸ்புக்கில் சேர்ந்த தேதியும் விட்ட தேதியும் இருக்கின்றன. அந்தக் கணக்குத் தீர்த்த தாளின் ஜெராக்ஸ் வீட்டுக்காரி ரேஷன் கார்டு பையில் பத்திரமாக வைத்திருந்தாள். கயிற்றை நனைத்து இரண்டு பையில் கட்டிவிட்டேன். உதகை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தாயிற்று, சீட்டில் வேலை விவரம் எழுதித் தந்தார்கள். நோட்டில் வருஷவாரியாகப் பன்னிரண்டு பக்கம் வந்திருக்கிறது. எழுத எழுதத்தான் ஞாபகம் வருகிறது: எந்த வருஷம் எந்த ஹீட்டர், யார் ஏணியைப் பிடித்தது, அன்றைக்கு யாருக்கு இருமல்.

எதிர்பார்க்காத ஒன்றும் கிடைத்தது. ஆயுத பூஜை போட்டோ. வருஷா வருஷம் மெஷினுக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, எல்லோரும் வரிசையாக நின்று எடுப்போமே, அது. 2011 முதல் 2018 வரை ஏழு படம் இருக்கிறது, ஒரு வருஷம் காணோம். பழைய மூன்று படங்களின் மூலையில் தேதி ஆரஞ்சு நிறத்தில் அச்சாகியிருக்கிறது. எல்லாவற்றிலும் எங்களுக்குப் பின்னால் ட்ரையர் ஹீட்டர். 2013 படத்தில் கதவு திறந்து கிடக்கிறது, கயிறு பிய்ந்து தொங்குகிறது, கீழே வெள்ளையாக உதிர்ந்து கிடக்கிறது. அதன் மேலேயே பூசணிக்காய் உடைத்திருக்கிறோம்.

கோடைக்காரி

அண்ணா, அந்தப் படத்தை இன்றைக்கே ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை இருந்தால் அதையும் சேர்த்து.

பழைய யூனியன்காரர்

வரிசையில் நிற்கிறவர்கள் எத்தனை பேர்? எல்லோர் பெயரும் ஞாபகம் இருக்கிறதா?

மஞ்சூர் பிட்டர்

பதினாலு பேர் ஐயா. பதினொரு பேர் பெயர் எழுதிவிட்டேன். இரண்டு பேர் திருப்பூர் போய்விட்டார்கள், தேடிப் பிடித்துவிடலாம். இடது ஓரத்தில் கையில் சாம்பிராணித் தட்டோடு நிற்கிற பையன் யார் என்றுதான் தெரியவில்லை. அந்த வருஷம் தீபாவளி வரைக்கும் ஹெல்ப்பராக இருந்தான், கயிற்றைப் பிய்த்ததெல்லாம் பாதி அவன்தான். எடக்காட்டுப் பக்கம் என்று ஞாபகம். 2013-ல் அந்தப் பக்க ஆலையில் ஹெல்ப்பராக இருந்தவர் யாராவது இதைப் படித்தால் இங்கே ஒரு வரி எழுதுங்கள்.